முகம் படிக்கும் கணினி

நுழையும்முன்

ஒருவர் மகிழ்ந்திருக்கிறாரா, வருந்துகிறாரா என்பதை அருகில் இருப்பவர் பெரும்பாலும் பேச்சின்றியே அறிந்துகொள்கிறார். குரலின் தழுதழுப்பு, புருவத்தின் நெறிப்பு, விரல்களின் நடுக்கம் என உடல் தரும் குறிப்புகள் பல. அக்குறிப்புகளைக் கணினியாலும் உணர்ந்துகொள்ள இயலுமா என்னும் வினாவிலிருந்து பிறந்ததே உணர்ச்சிசார் கணிமை என்னும் துறை. அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

2018ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரிலுள்ள ஒரு மேனிலைப்பள்ளி உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. அப்பள்ளியின் வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே மூன்று கேமராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை 30 நொடிகளுக்கு ஒருமுறை மாணவர்களின் முகங்களை நோக்கின. யார் படிக்கிறார், யார் எழுதுகிறார், யார் மேசைமீது தலைசாய்த்திருக்கிறார் என்று குறித்ததோடு அவை நிற்கவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் மகிழ்ச்சி, வருத்தம், சினம், அச்சம், வியப்பு என்று ஒரு பெயரையும் சூட்டின. பாடம் மாணவரைச் சென்றடைகிறதா என்பதை ஆசிரியர் அறிந்துகொள்ளவே இவ்வேற்பாடு என்று பள்ளி விளக்கம் தந்தது. மாணவர்களைக் கண்காணிப்பது முறைதானா என்று பலர் வினவினர்.

அவ்வினாவுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வேறொரு வினா உண்டு. நெற்றி சுருங்கினால் அது சினம் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கடினமான கணக்கொன்றைத் தீர்க்க முனையும் மாணவியின் நெற்றியும் சுருங்கியே இருக்கும். எதிர்வெயிலில் அமர்ந்திருப்பவரின் நெற்றியும் அவ்வாறே. முகத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி அறிஞர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வந்துள்ளனர். அவ்வாதத்தில் ஒரு தரப்பு கூறியதைக் கணினி முடிந்த முடிபாக ஏற்றுக்கொண்டது. இன்றைய சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுவே.

மின்சாரத்தால் சிரித்த முதியவர்

கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. துஷேன் என்னும் மருத்துவர் முகத்தசைகளின் இயக்கத்தை ஆராய விரும்பினார். இறந்தவரின் உடலை அறுத்துப் பார்த்தால் தசை இருக்கும் இடம் தெரியும். அது அசைந்தால் முகம் எவ்வாறு மாறும் என்பது தெரியாது. எனவே அவர் உயிருள்ளவரின் முகத்தில் மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு தசையையும் தனித்தனியே மின்சாரத்தால் தூண்டினார். அவருடைய ஆய்வுக்குப் பெரிதும் துணைநின்றவர் முகத்தில் உணர்வு மங்கிப்போயிருந்த முதியவர் ஒருவர். மின்சாரம் பாய்ந்தபோது அவருக்கு வலி தெரியவில்லை. முகமோ அழுதது, அஞ்சியது, சிரித்தது. அம்முகங்களைத் துஷேன் ஒளிப்படமாகப் பதிவுசெய்து 1862ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. கன்னத்துத் தசை இதழோரங்களை மேலே இழுக்கிறது. அதனை நாம் விரும்பியபோதெல்லாம் இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தசையோ எளிதில் பணியாது. உண்மையான மகிழ்ச்சியின்போதே அது சுருங்கும் என்றார் துஷேன். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. ஒளிப்படத்துக்காகச் சிரிக்கும்போது இதழ் மட்டும் விரிந்து கண் அப்படியே இருப்பதைப் பல குடும்பப் படங்களில் காணலாம். எனினும், சிலர் கண்தசையையும் வேண்டியபோது இயக்க வல்லவர் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

துஷேனின் படங்கள் சார்லஸ் டார்வின் கைக்கு வந்தன. அவர் செய்த ஒரு சிறு சோதனை இன்றைய கணினி ஆய்வாளர்களுக்கும் பாடமாக அமைவது. அப்படங்களுள் சிலவற்றை எவ்வித விளக்கமும் தராமல் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் காட்டி, இம்முகம் எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று வினவினார். சில படங்களைக் கண்டதும் ஏறத்தாழ எல்லாரும் ஒரே விடையைக் கூறினர். வேறு சில படங்களுக்கோ ஆளுக்கொரு விடை வந்தது. படத்தின் பெயரை முன்னரே படித்துவிட்டதால்தான் அவ்வுணர்ச்சி தமக்குத் தெளிவாகத் தெரிந்தது என்பதை டார்வின் அப்போது உணர்ந்தார். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் வாழ்ந்தோருக்கு 1867ஆம் ஆண்டில் 16 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அச்சிட்டு அனுப்பினார். 36 விடைகள் வந்தன. அவற்றின் துணையோடு மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறைபற்றி 1872ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். முகக்குறிப்புகளுள் பலவும் மனித இனம் முழுமைக்கும் பொதுவானவை என்பது அந்நூலின் முடிவு.

மலைநாட்டு மக்களும் மூன்று படங்களும்

அம்முடிவை நேரில் சோதிக்க விரும்பினார் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன். திரைப்படமும் இதழ்களும் புகாத மக்களிடையே சென்றால்தான் அவர்கள் பிறரிடமிருந்து முகக்குறிப்பைக் கற்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல இயலும். ஆகவே 1960களின் பிற்பகுதியில் பப்புவா நியூகினியின் மலைப்பகுதிக்குச் சென்று, ஃபோரே என்னும் பழங்குடி மக்களைச் சந்தித்தார். ஒரு சிறு கதை கூறப்படும். அதற்குப் பொருந்தும் முகத்தை மூன்று ஒளிப்படங்களிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தை இறந்துவிட்டது என்னும் கதைக்கு வருந்தும் முகத்தையும், நண்பர் வந்தார் என்னும் கதைக்கு மகிழும் முகத்தையும் பெரும்பாலோர் காட்டினர். அச்சத்தையும் வியப்பையும் மட்டும் அவர்களால் பிரித்தறிய இயலவில்லை.

1971ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு, மகிழ்ச்சி, வருத்தம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் உலகப் பொதுவான உணர்ச்சிகள் என்னும் கருத்தை நிலைநிறுத்தியது. மூன்று படங்களுள் ஒன்றை எடு என்று சொன்னால் விடையும் அம்மூன்றுக்குள்தானே அமையும் என்று பின்வந்தோர் குறைகூறினர். அக்குறை நியாயமானதே. ஆனால், ஆறு என்னும் எண் எளிமையானது. கணினிக்கு எளிமையானவை பிடிக்கும்.

1978ஆம் ஆண்டில் எக்மனும் ஃபிரீசனும் முக அசைவுக் குறியீட்டு முறை ஒன்றை வெளியிட்டனர். முகத்தில் காணத்தக்க ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் தரப்பட்டது. புருவம் கீழிறங்கி நெருங்குவது 4. கன்னம் உயர்வது 6. இதழோரம் மேலே இழுபடுவது 12. துஷேன் கண்ட சிரிப்பு இம்முறையில் 6உம் 12உம் சேர்ந்த ஒன்றாகிறது. இது உணர்ச்சிகளின் பட்டியலன்று. தசை அசைவுகளின் நெடுங்கணக்கு. இம்முறையைக் கற்றுத் தேர்வதற்குப் பல வாரங்கள் ஆகும். தேர்ந்தவர் ஒருவர் ஒரு நிமிடக் காணொளியைக் குறியீடு செய்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகலாம். இவ்வளவு சலிப்பான பணியைக் கணினியிடம் ஒப்படைத்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது இயல்பே.

எண்களாகும் முகம்

கணினிக்கு முகம் என்பது கண், மூக்கு, வாய் அன்று, படப்புள்ளிகளின் அடுக்கு. ஒவ்வொரு புள்ளியும் அதன் ஒளியளவைக் குறிக்கும் ஓர் எண். அவ்வெண்களுக்கிடையே முகம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே முதற்பணி. 2001ஆம் ஆண்டில் வயோலா, ஜோன்ஸ் என்னும் இருவர் அதனை நொடிப்பொழுதில் செய்து முடிக்கும் வழியைக் கண்டனர். கண்ணிருக்கும் பகுதி கன்னத்தைவிட இருண்டிருக்கும், மூக்குத்தண்டு இருபுறத்தையும்விட ஒளிர்ந்திருக்கும் என்பன போன்ற எளிய ஒளிநிழல் வேறுபாடுகளே அதன் அடிப்படை. கைப்பேசியில் படம் எடுக்கும்போது முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் தோன்றுவதை மாணவர்கள் கண்டிருப்பர்; அச்சதுரத்தின் முன்னோடி அவ்வழியே.

முகம் கிடைத்த பிறகு புருவத்தின் வளைவு, இமையின் விளிம்பு, இதழின் ஓரம் ஆகிய இடங்களில் குறிப்புள்ளிகள் இடப்படுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள தொலைவு மாறுவதைக் கொண்டு எந்தத் தசை அசைந்தது என்று கணக்கிடலாம். அண்மைக் காலத்தில் செயற்கை நரம்பு வலைப்பின்னல் என்னும் முறை மேலோங்கியுள்ளது. இதில் குறிப்புள்ளிகளையும் விதிகளையும் மனிதர் வகுத்துத் தரவேண்டியதில்லை. பெயரிடப்பட்ட பல்லாயிரம் படங்களைக் காட்டினால் போதும். எந்த எண் அமைப்பு எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது என்பதை அது தானே கற்றுக்கொள்ளும்.

அப்படங்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்குப் பெயரிட்டவர் யார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தொடக்கக்காலத் தரவுத்தொகுப்புகளில் பங்கேற்றவர்கள் சொன்னபடி முகத்தை அசைத்துக் காட்டினர், அவை நடிப்புகளே. 2013ஆம் ஆண்டில் ஒரு போட்டிக்காக உருவாக்கப்பட்ட புகழ்பெற்ற தொகுப்பில் 35,887 படங்கள் உள்ளன. உணர்ச்சியைக் குறிக்கும் சொற்களை இணையத் தேடலில் இட்டுத் திரட்டப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் நீளத்திலும் அகலத்திலும் 48 புள்ளிகளே கொண்ட, வண்ணமற்ற சிறுபடம். அவற்றை மனிதரிடமே காட்டிச் சோதித்தபோது, ஏற்கெனவே இடப்பட்டிருந்த பெயரோடு அவர்கள் விடை ஏறத்தாழ 65 விழுக்காடு மட்டுமே பொருந்தியது. 2017ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பில் ஏறத்தாழ 10 இலட்சம் படங்கள் இருந்தன; அவற்றுள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு மனிதர்கள் பெயரிட்டனர். படத்தில் இருப்பவர் உண்மையில் என்ன உணர்ந்தார் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. பார்த்தவர் என்ன கருதினார் என்பதே பெயராயிற்று. ஆகவே, இப்படங்களைக் கற்ற கணினி உணர்ச்சியைக் கண்டறிகிறது என்பதைவிட, ஒரு முகத்தைக் கண்டால் பார்ப்பவர் என்ன சொல்வார் என்று ஊகிக்கிறது என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாட்டை மதிக்கும் கருவிகளும் உள்ளன. ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திவரும் ஓப்பன்ஃபேஸ் என்னும் கருவியின் தொடக்கப் பதிப்புகள், தலையின் சாய்வு, பார்வையின் திசை, தசை அசைவுகளின் எண்கள் போன்றவற்றை மட்டும் தந்தன. சினம் என்றோ மகிழ்ச்சி என்றோ பெயர் சூட்டவில்லை. பொருள் காண்பதை ஆய்வாளருக்கே விட்டுவிடும் இவ்வடக்கம் விற்பனைக்கு வரும் மென்பொருள்களில் அரிதாகவே காணப்படுகிறது.

குரல்

குரலிலிருந்து உணர்ச்சியை அறியும் ஆய்வுக்கு ஜெர்மனியின் பெர்லின் நகரில் உருவாகி 2005ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பு ஒரு நல்ல சான்று. நடிகர் பத்துப் பேர் பத்துத் தொடர்களைப் பல்வேறு உணர்ச்சிகளோடு பேசினர். துணி குளிர்பதனப்பெட்டியின் மேல் கிடக்கிறது என்பது போன்ற, தம்மளவில் எவ்வுணர்ச்சியும் இல்லாத தொடர்களே வேண்டுமென்று தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்போதுதான் வேறுபாடு சொல்லில் அன்றிக் குரலில் மட்டுமே அமையும். குரலின் ஏற்ற இறக்கம், உரப்பு, விரைவு, இடைவிடும் அமைதி போன்றவற்றைக் கணினி எண்களாக அளக்கிறது. ஒருவர் கிளர்ச்சியுற்றிருக்கிறாரா, அமைதியாக இருக்கிறாரா என்பதைக் குரல் நன்கு காட்டும். அக்கிளர்ச்சி களிப்பால் வந்ததா, கடுஞ்சினத்தால் வந்ததா என்று பிரிப்பதில்தான் கணினி திணறுகிறது. இரண்டிலும் குரல் உயர்கிறது, விரைகிறது.

ஒரு கையில் மட்டும் எழுந்த அலை

இத்துறைக்குப் பெயர் தந்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்ட். மனித மூளையில் உணர்ச்சியும் அறிவும் பிரிந்து இயங்குவதில்லை. ஆகவே மனிதரோடு பழகும் கணினியும் உணர்ச்சியைப் பொருட்படுத்த வேண்டும் என்று 1995ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையிலும், 1997ஆம் ஆண்டில் ஒரு நூலிலும் அவர் வாதிட்டார். கணினி என்றாலே கணக்கு என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான கருத்து.

முகத்தைவிட உடலின் உட்குறிப்புகளில் அவர் மிகுந்த ஈடுபாடு காட்டினார். மனம் கிளர்ச்சியடையும்போது தோலில் மிக நுண்ணிய அளவில் வியர்வை சுரக்கிறது. வியர்வை மிகுந்தால் தோல் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் மிகும். அதனை அளக்கும் உணரிகளைப் பிக்கார்டின் குழுவினர் மணிக்கட்டில் அணியும் பட்டையாக அமைத்தனர்.

ஒரு விடுமுறையின்போது அவருடைய மாணவர் ஒருவர் அத்தகைய பட்டைகளை இரவல் கேட்டார். ஆட்டிசம் எனப்படும் மன இறுக்க நிலை கொண்ட அவருடைய தம்பியால் பேச இயலாது. எது அச்சிறுவனைத் துன்புறுத்துகிறது என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. பட்டை பழுதாகக்கூடும் என்று கருதி இரண்டாகக் கொடுத்தார் பிக்கார்ட். தம்பியின் இரு கைகளிலும் ஒவ்வொன்றை அணிவித்துவிட்டார் மாணவர். சில நாள்களுக்குப் பின், வந்துசேர்ந்த பதிவுகளைப் பார்த்த பிக்கார்ட் திகைத்தார். ஒரு கையின் பதிவில் வரைகோடு அளவுகடந்து உயர்ந்திருந்தது. மற்றொரு கையில் அசைவே இல்லை. ஒரே உடலின் ஒரு பாதி மட்டும் கிளர்ச்சியடையுமா? கருவி பழுதாயிருக்கும் என்று எண்ணிப் பலவாறு சோதித்தார். பழுது ஏதும் இல்லை. இறுதியில் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்நாளில் அந்நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். மாணவர் தம் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னார்: அதற்குச் சற்றுப் பின்னர்த் தம்பிக்கு வலிப்பு வந்தது.

மூளையின் ஆழ்பகுதிகளில் நிகழும் மின்கொந்தளிப்பு தோலின் வியர்வையில் வெளிப்படக்கூடும் என்பதை அதன்பின் மருத்துவர்களோடு இணைந்து அவர் ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயனாக உருவான மணிக்கட்டுக் கருவிக்கு 2018ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. கடும் வலிப்பு வரும்போது அது வீட்டாருக்குச் செய்தி அனுப்பும். வலிப்பு நோயாளர் தனித்து உறங்கும்போது நேரும் திடீர் மரணங்களை எண்ணிப் பார்த்தால் இச்செய்தியின் மதிப்பு விளங்கும். உணர்ச்சியைத் தேடிச் சென்ற ஆய்வு உயிர்காக்கும் கருவியில் சென்று முடிந்தது. அப்பட்டை சிறுவனின் உணர்ச்சிக்குப் பெயர் எதையும் சூட்டவில்லை. உடலில் ஏதோ நிகழ்கிறது என்று மட்டுமே காட்டியது. என்ன நிகழ்ந்தது என்பதைக் கேட்டறிய ஒரு தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

இதயத்துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்துதிறன் ஆகியவற்றை ஒருங்கே பதியும் கருவியைப் பொய்யறியும் கருவி என்று அழைப்பர். உண்மையில் அது பொய்யை அறிவதில்லை, பதற்றத்தையே அளக்கிறது. குற்றமற்றவரும் பதறக்கூடும். ஒருவரின் ஒப்புதலின்றி அவர்மீது இச்சோதனையை நடத்தக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

எழுத்தில் ஒளிந்திருக்கும் உணர்ச்சி

முகமும் குரலும் இல்லாத இடத்தில் எழுத்து இருக்கிறது. இணையத்தில் மக்கள் எழுதும் கருத்துகளைப் படித்து, அவை பாராட்டா பழிப்பா என்று பகுக்கும் ஆய்வு பல மொழிகளில் நடைபெறுகிறது. தமிழில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. தமிழர் பலர் இணையத்தில் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதுகின்றனர். ஒரே தொடரில் இருமொழிச் சொற்களையும் கலக்கின்றனர். ஒரு சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுத்துக்கூட்டுகின்றனர். இத்தகைய 15,744 கருத்துகளைத் திரட்டிப் பகுத்த தரவுத்தொகுப்பு 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பு 42,000க்கும் மேற்பட்ட தமிழ்க் கருத்துகளை, உணர்ச்சியற்ற நிலையையும் சேர்த்து, 31 வகைகளாகப் பிரித்துள்ளது.

எழுத்துக்கூட்டலைவிடப் பெரிய இடர், மொழியின் இயல்பிலேயே இருக்கிறது. 'பிடிக்காமல் இல்லை' என்னும் தொடரில் இரண்டு எதிர்மறைகள் உள்ளன. பொருளோ உடன்பாடு, அதுவும் சற்றே தயங்கிய உடன்பாடு. 'நன்றாகச் செய்தாய், போ' என்பது பாராட்டாகவும் இருக்கலாம். பெற்றோரின் கடிதலாகவும் இருக்கலாம். 'அப்படியா' என்னும் ஒரு சொல்லால் வியப்பையும், ஐயத்தையும், இகழ்ச்சியையும், அக்கறையின்மையையும் புலப்படுத்துவது நம் அன்றாட வழக்கு. நல்ல என்னும் சொல் வந்தால் பாராட்டு, இல்லை என்னும் சொல் வந்தால் மறுப்பு என்று எண்ணிக் கணக்கிடும் மென்பொருள் இவ்விடங்களிலெல்லாம் தவறிவிடும். தொடரின் முன்பின்னை நோக்கும் புதிய மொழி மாதிரிகள் இவற்றை ஓரளவு நன்றாகவே கையாளுகின்றன.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

முகத்துக்கும் உணர்ச்சிக்கும் ஒன்றுக்கு ஒன்று என்னும் உறவு உண்டு என்ற கருத்து 2019ஆம் ஆண்டில் கடும் சோதனைக்கு உள்ளானது. லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகளை ஒருசேரப் படித்து மதிப்பிட்டனர். ஐவரும் தொடக்கத்தில் ஒரே கருத்துடையவர்கள் அல்லர் என்பது அவர்கள் முடிவுக்கு வலுவூட்டுகிறது. சினம் கொண்டவர்கள் புருவத்தை நெறித்து முகம் சுளிப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரங்களிலேயே என்று அவர்கள் கண்டனர். எஞ்சிய நேரங்களில் சினமுற்றவர் அழலாம், அமைதியாக இருக்கலாம், சிரிக்கவும் செய்யலாம். மறுபுறம், முகம் சுளித்தவர் எல்லாரும் சினமுற்றவரும் அல்லர். தசை அசைந்ததைக் கணினி சரியாகவே காணக்கூடும். அவ்வசைவின் பொருள் சூழலில் இருக்கிறது.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நினைத்துப் பார்க்கலாம். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று கூறி, நகை முதல் உவகை ஈறாக எட்டு வகைகளை அந்நூல் வகுக்கிறது. ஆறு, எட்டு என்னும் எண் ஒப்புமையை விரித்துப் பேசுவதில் பயனில்லை. அது கணினிக்காக எழுதப்பட்ட நூலும் அன்று. கருதத்தக்கது வேறு. எட்டு என்று சொல்லி அந்நூல் நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கன்வழிப் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் தோன்றும். பிறரை இகழ்ந்து சிரிப்பவரின் இதழும், குழந்தையின் மழலை கேட்டுச் சிரிப்பவரின் இதழும் ஒரே வகையில் விரியலாம். எதன்பொருட்டு நகை தோன்றிற்று என்னும் செய்தி இதழில் இல்லை. அவருக்கு எதிரே, அவரைச் சூழ்ந்து இருக்கிறது. கேமராவோ முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு, நிலைக்களனைப் படத்துக்கு வெளியே விட்டுவிடுகிறது.

விடப்படுவது சூழல் மட்டுமன்று. 2018ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க ஆய்வாளர், கூடைப்பந்து வீரர்கள் 400 பேரின் ஒளிப்படங்களை இரண்டு நிறுவனங்களின் மென்பொருள்களிடம் அளித்துப் பார்த்தார். கறுப்பின வீரர்களின் முகங்களுக்கு அவை எதிர்மறை உணர்ச்சிகளையே மிகுதியாகச் சூட்டின. பயிற்சிக்குத் தந்த படங்களிலும் பெயரிட்டவர் மனத்திலும் இருந்த சாய்வு, எண்ணாக மாறி, நடுநிலையான அளவீடுபோல் திரும்பி வந்தது. மேலாளர் ஒருவர் முகத்தைப் பார்த்துத் தவறாக எடைபோட்டால் அவரிடம் எதிர்வாதம் செய்யலாம். திரையில் தோன்றும் 0.87 என்னும் எண்ணிடம் என்ன சொல்வது?

பயனும் தடையும்

பயன் தரும் இடங்கள் உண்மையிலேயே உள்ளன. பிறர் முகக்குறிப்பை உணர்ந்துகொள்ள இடர்ப்படும் ஆட்டிசக் குழந்தைகளுக்காக, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து அதன் குறிப்பை உடனுக்குடன் காட்டும் மூக்குக்கண்ணாடி ஒன்றை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர். 6 முதல் 12 வயது வரையிலான 71 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்கண்ணாடியோடு வீட்டில் பயிற்சி பெற்ற குழந்தைகள் பிறரோடு பழகும் திறனில் முன்னேறியிருந்தனர். ஓட்டுநர் கண்ணயர்வதை உணர்ந்து எச்சரிக்கும் அமைப்புகளும் வாகனங்களில் இடம்பெறத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு முதல் புதிய வாகனங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. கண்ணயர்வது உணர்ச்சி அன்று. ஆயினும் கருவியும் வழிமுறையும் ஏறத்தாழ ஒன்றே. இவ்விரண்டிலும் பயன்பெறுபவர் கருவியை அணிந்தவரோ வண்டியை ஓட்டுபவரோதான்.

வேலைக்கு விண்ணப்பித்தவரின் நேர்காணல் காணொளியைக் கணினி ஆராய்ந்து மதிப்பெண் இடும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்குக் கருவியின் சொந்தக்காரர் ஒருவர். அதனால் வாழ்வோ தாழ்வோ அடைபவர் வேறொருவர். இத்தகைய சேவையை நடத்திவந்த ஹயர்வியூ என்னும் நிறுவனம் முக ஆய்வைக் கைவிட்டதாக 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைத் தன் பொதுச் சேவையிலிருந்து நீக்குவதாக 2022ஆம் ஆண்டில் தெரிவித்தது.

சட்டங்களும் பின்தொடர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்தது. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உடற்கூறுகளைக் கொண்டு ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவமும் பாதுகாப்பும் ஆகிய காரணங்களுக்கன்றிப் பிறவற்றுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் அதன் தடை 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் முதல் செயல்படுகிறது. ஹாங்சோவில் நிறுவப்பட்ட கேமராக்களைப் போன்ற ஏற்பாட்டுக்கு அங்கு இனி இடமில்லை.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உணர்ச்சி அறியும் கருவிகளைப் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால், 18 வயது நிறைவடையாத அனைவரையும் அது குழந்தைகள் என்றே கருதுகிறது. அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கக்கூடாது என்றும் கூறுகிறது. எந்த நிறுவனங்களுக்கு, எந்தக் காரணங்களுக்காக இதிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பதை வகுக்கும் உரிமையை அச்சட்டம் அரசிடம் விட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் அச்சட்டத்தின்படி இன்னும் குழந்தைகளே.